ஐந்து முறை கேட்டோம்: ஆசிரியர்மேல் ஒரு பிள்ளை புகார் சொன்னால்

சில ஆண்டுகளுக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். ஒரு நாள் மத்தியானம் பிரின்சிபல் அறைக்கு எங்களை அவசரமாகக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, அதைச் சுற்றி ஐந்து பெரியவர்கள். மேசையின் கடைசியில் ஒரு சுழல் நாற்காலி. அதில் ஐந்தாம் கிரேடு படிக்கும் பிள்ளை ஒருத்தி. கால் தரைக்கு எட்டவில்லை. நாற்காலி லேசாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துப் பிடித்து அதை நேராக வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது சின்ன விஷயம்போலத்தான் தொடங்கியது. ஓர் ஆசிரியர் இடைவேளையில் தன்னை மட்டும் வகுப்பில் நிறுத்திக்கொள்கிறார், பக்கத்தில் வந்து உட்காரச் சொல்கிறார், தனக்கு அது பிடிக்கவில்லை. இதை முதலில் தன் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், சொன்னாள். அடுத்த நாள் வகுப்பு ஆசிரியையிடம். அப்புறம் துறைத் தலைவியிடம். அப்புறம் பிரின்சிபலிடம். ஐந்தாவதாக எங்களிடம். ஒவ்வொருவரும் அவரவர் கேள்வியைக் கேட்டார்கள். எந்தக் கிழமை? கதவு திறந்திருந்ததா? வீட்டுப்பாடம் எழுதாததால் நிறுத்தினாரா? நீ ஏன் முதல் நாளே சொல்லவில்லை? எங்கள் முறை வந்தபோது அவள் பதில்கள் தேய்ந்துபோயிருந்தன. செவ்வாய்க்கிழமை என்று முன்பு சொன்னவள் இப்போது புதன் என்றாள். கடைசியில், "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீர்களா, முன்னுக்குப் பின் முரண்" என்றார் எங்களில் ஒருவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் அத்தோடு மூடப்பட்டது. அந்தப் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். ஆசிரியர் அதே வகுப்பில் இருந்தார்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து அடைத்துவிட்டோம் என்பது மட்டும் தெரியும். இந்தக் கட்டுரை எழுத அதுதான் காரணம்.

அந்த அறையில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாருக்கும் ஒரே நினைப்புதான்: "முதலில் இது உண்மையா என்று நாம் பார்த்துவிடுவோம், அப்புறம் மேலே சொல்லலாம்." தென்னாப்பிரிக்கச் சட்டம் பள்ளியிடம் இதைக் கேட்கவே இல்லை. பள்ளி காதுகொடுத்துக் கேட்க வேண்டும், பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டும், அன்றைக்கே உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், விஷயம் முடியும்வரை பிள்ளையைக் காக்க வேண்டும். உண்மையா பொய்யா என்று தீர்ப்பது வேறு ஆட்களின் வேலை. அதற்குப் படித்தவர்கள், பழகியவர்கள் அவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சட்டமான குழந்தைகள் சட்டத்தில் 110-ஆம் பிரிவு ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. ஆசிரியர், மருத்துவர், நர்ஸ், வழக்கறிஞர், சமூகப் பணியாளர் என்று போகும் அந்தப் பட்டியலில் சமயத் தலைவரும் இருக்கிறார். பாலியல் கொடுமைக்கோ, உடலில் காயம்படும் கொடுமைக்கோ, வேண்டுமென்றே செய்த புறக்கணிப்புக்கோ ஒரு குழந்தை ஆளாகியிருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு கருதினால் இவர்கள் தெரிவித்தே ஆக வேண்டும். விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை இது. மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, போலீஸிடமோ தெரிவிக்கலாம். அதற்கென்று உள்ள படிவத்தின் எண் 22. "ஃபார்ம் 22" என்றால் சமூகப் பணியாளர்களுக்கு உடனே புரியும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. தெரிவிக்காமல் விடுவது குற்றம்.

பாலியல் குற்றம் என்றால் வலை இன்னும் அகலம். 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத்தில் 54-ஆம் பிரிவு எந்தத் தொழிலையும் பட்டியல் போடவில்லை. ஒரு குழந்தைக்கு எதிராக அப்படியொரு குற்றம் நடந்திருக்கிறது என்று அறிந்த, நியாயமாக நம்பும் அல்லது சந்தேகிக்கும் எவரும் உடனே போலீஸிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 5 ஆண்டுவரை சிறை. பள்ளித் தோட்டக்காரருக்கும் இது பொருந்தும், கேன்டீன் நடத்தும் அம்மாவுக்கும் பொருந்தும்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. "நான் பிரின்சிபலிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது" என்பார்கள். முடியவில்லை. இந்தக் கடமை ஆளுக்கு ஆள் தனித்தனி. பிரின்சிபல் அந்தக் காகிதத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டால், சொன்ன ஆசிரியையும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "நியாயமான காரணம்" என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது நிரூபணம் இல்லை. ஒரு பிள்ளை தன் வாயால் தெளிவாகச் சொன்னதே பெரும்பாலும் போதும்.

சரி, அந்த முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்வது? நான் இங்கேதான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். மற்ற எல்லாமே இந்த அரை மணி நேரத்தைப் பொறுத்துத்தான் அமைகிறது.

பிள்ளை யாரிடம் சொல்லத் தேர்ந்தெடுத்ததோ, அவரே கேட்க வேண்டும். "பிரின்சிபலிடம் போய்ச் சொல்லு" என்று அனுப்பக் கூடாது. அந்தப் பிள்ளை பல நாள் யோசித்து, உங்கள் முகத்தைப் பார்த்து, இவர்களிடம் சொல்லலாம் என்று முடிவு பண்ணி வந்திருக்கிறது. உட்காருங்கள். பிள்ளையின் உயரத்துக்கு உட்காருங்கள். "என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேளுங்கள். நிறுத்தினால், "அப்புறம்?" அவ்வளவுதான். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டுவிட்டால், பிள்ளை ஆமாம் என்று சொன்னாலும் அந்தச் சொல் இனிமேல் உங்களுடையது, பிள்ளையுடையது இல்லை. நாளைக்கு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. அதற்குப் பதில், "உன்னைப் பாதுகாக்க வேண்டிய இரண்டொருவரிடம் மட்டும் சொல்லுவேன், யாரிடம் சொல்லுகிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டுச் சொல்லுவேன்" என்று சொல்லலாம். "நீ ஏன் அப்பவே சொல்லலை?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் உடனே சொல்வதில்லை. பயம், வெட்கம், யாரும் நம்ப மாட்டார்கள் என்ற எண்ணம், சில நேரம் அந்த ஆசிரியர்மேல் இருக்கும் பாசமும்கூட. இதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாமதமாகச் சொன்னார் என்பதை மட்டும் வைத்துப் பாதகமான முடிவுக்கு வரக் கூடாது என்று அதே 2007 சட்டத்தின் 59-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குச் சொல்கிறது.

முடிந்ததும் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், கூட யார் இருந்தார், நீங்கள் என்ன கேட்டீர்கள், பிள்ளை என்ன சொன்னது. பெரியவர்களின் மொழிக்கு மாற்றாதீர்கள். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று எந்தப் பத்து வயசுப் பிள்ளையும் பேசாது. எங்கள் பள்ளி அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

சமீபத்தில் உடல்மேல் ஏதாவது நடந்திருக்கிறது என்று தெரிந்தால் நேரம் ரொம்ப முக்கியம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். துத்துஸெலா மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. துத்துஸெலா என்றால் கோசா மொழியில் ஆறுதல். முதல் மையம் 2000-இல் கேப் டவுன் பக்கம் தொடங்கியது. டர்பனில் நம் இந்திய வம்சாவளி ஆட்கள் நிறைந்திருக்கும் சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே.கான் மருத்துவமனையிலும், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் உண்டு. மருத்துவர், போலீஸ், ஆலோசகர், வழக்குத் தொடுப்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள். பிள்ளை ஒவ்வொரு கவுன்டராகப் போய்க் கதை சொல்ல வேண்டாம்.

திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளியின்மேல் 1983-இல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைத்து, பொம்மைகளைக் காட்டி, "மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்லு" என்கிற விதத்தில் கேட்டார்கள். பதில்கள் நாளுக்கு நாள் வளர்ந்தன, நடக்கவே முடியாத கதைகளெல்லாம் வந்தன. 1990-இல் ஒரு தண்டனைகூட இல்லாமல் வழக்கு முடிந்தது. குற்றமற்றவர்கள் பல ஆண்டு சிறையிலும் வழக்கிலும் கழித்தார்கள். அங்கே ஏதாவது ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே ஒன்று நடந்திருந்தாலும், அதைப் பிரித்தெடுக்க வழியில்லாமல் போனது.

அதே 1983-இல் ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வேறொன்றை விவரித்தார். கொடுமைக்கு ஆளான பிள்ளை சொன்னதைப் பின்னால் தானே மறுப்பதும் உண்டு. தான் சொன்னதால் வீட்டில் அழுகை, பள்ளியில் பதற்றம், எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று உணர்கிற பிள்ளை, "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லி எல்லாவற்றையும் பழையபடி ஆக்கப் பார்க்கும். ஆகவே ஒரு பிள்ளை "ஞாபகம் இல்லை" என்று சொன்னால், அது பொய்யை ஒப்புக்கொண்டது ஆகிவிடாது. உண்மைக்குச் சாட்சியும் ஆகிவிடாது. அதை எடைபோடத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நாங்கள் ஐந்து பேர் எடைபோட்டோம். எங்களில் ஒருவர் வங்கியில் வேலை செய்தவர், இன்னொருவர் கட்டட ஒப்பந்தக்காரர்.

இப்போது ஒப்படைத்த பிறகு நடப்பதைப் பார்க்கலாம். நம் வீடுகளில் இதில்தான் குழப்பம் அதிகம். "போலீஸ் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது, அப்புறம் எதற்கு இன்னும் விசாரணை?" என்று கேட்பார்கள். இந்த நாட்டில் ஒரே புகார் நாலு பாதையில் போகிறது, ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை தேடுகிறது.

போலீஸ் பாதையில் கேள்வி, குற்றம் நடந்ததா என்பது. அங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கல்வித் துறை, அதாவது நாம் சும்மா டிபார்ட்மென்ட் என்று சொல்வது, கேட்கும் கேள்வி வேறு: இவர் வேலையில் நீடிக்கலாமா? அங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே போதும். 1998-ஆம் ஆண்டின் ஆசிரியர் பணிச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு சில தவறுகளுக்கு வேலைநீக்கம் ஒன்றையே தண்டனையாக வைத்திருக்கிறது. மாணவரைப் பாலியல் ரீதியாகத் தாக்குவது அதில் ஒன்று. தான் வேலை செய்யும் பள்ளியின் மாணவரோடு பாலியல் உறவு வைத்துக்கொள்வது இன்னொன்று. மாணவர் சம்மதித்தார் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கொடுங்காயம் ஏற்படுத்தும் எண்ணத்தோடு அடிப்பதும் இதில் சேரும். மூன்றாவது பாதை தென்னாப்பிரிக்க ஆசிரியர் மன்றம். எல்லாரும் சேஸ் என்று சொல்வது இதைத்தான். இவர் நாட்டில் எந்தப் பள்ளியிலாவது பாடம் நடத்தலாமா என்று அது பார்க்கும். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க அதற்கு அதிகாரம் உண்டு. நாலாவது, குழந்தைகள் சட்டத்தின்படி வைக்கப்படும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதி. அதில் பெயர் ஏறினால் பள்ளி மட்டும் இல்லை, குழந்தைகளோடு பழகும் எந்த வேலையும் கிடையாது.

இந்த நாலும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியதில்லை. மாட்டிக்கொண்ட ஆசிரியர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊர்ப் பள்ளியில் போய்ச் சேருவதைத் தடுக்கத்தான் மூன்றாவதும் நாலாவதும். அதனால் ராஜினாமாவோடு விஷயத்தை முடித்துக்கொள்ளும் பள்ளி, தன் தலைவலியை இன்னொரு பள்ளியின் பிள்ளைகள்மேல் இறக்கிவைக்கிறது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பள்ளி நிர்வாகக் குழுவே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆசிரியர் என்றால் ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்கு முதலாளி டிபார்ட்மென்ட் இல்லை, அந்தக் குழுதான். ஒழுங்கு நடவடிக்கையும் குழுவே எடுக்க வேண்டும், தொழிலாளர் உறவுச் சட்டப்படி. சட்டப்படி குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. எங்களைப்போன்ற ஆட்கள். இந்த இடத்தில்தான் அதிகம் வழுக்குகிறது. அப்போதும் போலீஸுக்கும் சமூக மேம்பாட்டுத் துறைக்கும் சேஸுக்கும் தெரிவிக்கும் கடமை அப்படியே நிற்கிறது.

பழைய முறையில் பிள்ளைகள் பட்ட பாடு இன்னொன்று. முதலில் டிபார்ட்மென்ட் விசாரணையில் சாட்சி சொல்ல வேண்டும். வேலைநீக்கம் ஆன ஆசிரியர் அதை எதிர்த்துப் போனால், மத்தியஸ்தர் முன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பிள்ளை மறுபடி சாட்சி சொல்ல வேண்டும். நடுவில் குற்ற வழக்கு வேறு. பல பிள்ளைகளும் பெற்றோரும் இரண்டாவது சுற்றில் வராமலே போனார்கள், ஆசிரியர் வேலைக்குத் திரும்பினார். இதற்காகத்தான் கல்வித் தொழிலாளர் உறவு மன்றத்தில் 2018-இல் 3-ஆம் எண் கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். மாணவர்மேல் பாலியல் தவறு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியரின் விசாரணையை நேராக ஒரு மத்தியஸ்தரே நடத்துவார். வேலை விஷயத்தில் பிள்ளை ஒரே தடவைதான் பேசும். இடைத்தரகர் ஒருவர் கூட இருப்பார். வழக்கறிஞர் கேட்கும் கேள்வியை அவர் பிள்ளைக்குப் புரியும் விதத்தில் கேட்பார். குற்ற வழக்குகளில் இந்த இடைத்தரகர் ஏற்பாடு 1977-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 170ஏ பிரிவாக ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை வேறு அறையிலிருந்து, குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காமல் பேசலாம்.

தொழிற்சங்கங்களும் அரசும் உட்கார்ந்து பேசி, பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்காதே என்று ஒப்பந்தமே போட்டிருக்கிற நாட்டில், ஒரு பள்ளி அந்தப் பிள்ளையை முதல் வாரத்திலேயே நாலு அறைக்கு இழுத்துக்கொண்டு போவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆசிரியரின் பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. என் குடும்பத்திலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சில புகார்கள் தவறாகவும் இருக்கும். ஒரு பெயர் வாட்ஸாப் குரூப்பில் ஏறிவிட்டால், அப்புறம் எந்தத் தீர்ப்பும் அதை முழுசாக இறக்காது. கோயிலுக்குப் போக முடியாது, கல்யாணத்துக்குப் போக முடியாது. ஆனால் இந்தப் பயத்துக்கு மருந்தும் அதே ஒப்படைப்புதான். பள்ளியே மூடிய அறையில் விசாரித்து "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அதை ஊரில் யாரும் நம்புவதில்லை. அமுக்கிவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள். வெளி ஆட்கள் முறையாக விசாரித்து விடுவித்தால் அவர் நிமிர்ந்து நடக்கலாம். கெட்டுப்போகாத முதல் சாட்சியம் பிள்ளைக்கு எவ்வளவு முக்கியமோ, குற்றமற்ற ஆசிரியருக்கும் அவ்வளவு முக்கியம்.

அவருக்கென்று உள்ள உரிமைகளும் குறைவில்லை. குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும், விசாரணைக்குக் குறைந்தது 5 வேலை நாள் முன்னால் தர வேண்டும். தொழிற்சங்கத்திலிருந்து ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 17-ஆம் பிரிவுக் குற்றச்சாட்டு என்றால் முழுச் சம்பளத்தோடு 3 மாதம்வரை தற்காலிகமாக விலக்கிவைக்கலாம். முழுச் சம்பளத்தோடு என்பதைக் கவனியுங்கள். இது தண்டனை இல்லை, விசாரணை முடியும்வரை இருவரும் முகம் பார்க்காமல் இருக்க ஓர் ஏற்பாடு. விலக்கிவைத்தால் விசாரணையை ஒரு மாதத்துக்குள் முடிக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுபடுகிறது, அதுவும் தெரிந்ததே. நகர வேண்டியவர் பெரியவர்தான். எங்கள் பள்ளியில் பிள்ளையை நகர்த்தினோம். தோழிகளை விட்டு, வருஷ நடுவில், புது வகுப்பு. மற்றப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து என்ன புரிந்திருக்கும்? சொன்னால் உன்னைத்தான் மாற்றுவார்கள் என்று புரிந்திருக்கும்.

வாட்ஸாப் பற்றிச் சொன்னேன். அதில் சட்டமும் இருக்கிறது. 18 வயசுக்குக் கீழே உள்ள சாட்சியின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று குற்ற நடைமுறைச் சட்டம் சொல்கிறது. 2019 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பைக் குற்றத்துக்கு ஆளான பிள்ளைகளுக்கும் நீட்டியது. 18 முடிந்த பிறகும் அது தொடரும் என்றது. பெயர் போடாமல், "அந்த மூன்றாவது தெரு மூலை வீட்டுப் பிள்ளை" என்று போட்டாலும் அடையாளம்தான்.

பாலியல் புகாரைப் பற்றியே பேசினால் போதாது. பள்ளிகளில் அன்றாடம் வரும் புகார் அடிதான். 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டத்தில் 10-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்தது. மத நம்பிக்கையின் பேரில் அடிக்க அனுமதி வேண்டும் என்று சில கிறிஸ்தவப் பள்ளிகள் கேட்டுப் போனபோது, 2000-இல் அரசமைப்பு நீதிமன்றம் முடியாது என்றது. 2019 செப்டம்பரில் அதே நீதிமன்றம், பெற்றோர் வீட்டில் "நியாயமான அளவில்" அடித்தேன் என்று வாதாடும் வழியையும் மூடிவிட்டது. ஆனால் நம் வீடுகளில் "அடியாத மாடு படியாது" இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளை வந்து "சார் அடிச்சார்" என்றால், "நீ என்ன பண்ணினே?" என்பதுதான் முதல் பதில். அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்ட வீட்டில், அதைவிடப் பெரிய விஷயம் நடந்தாலும் பிள்ளை வாயைத் திறக்காது. சின்னப் புகாரை நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் பெரிய புகாரைச் சொல்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள்.

நம் சமூகத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து இறங்கியதிலிருந்து, கோயிலையும் தமிழ் வகுப்பையும் நாமே காசு சேர்த்து, நாமே கூரை போட்டு நடத்திவந்திருக்கிறோம். ஓர் ஆசிரியர் வெறும் ஆசிரியராக மட்டும் இருப்பதில்லை. காவடிக்கு முன்னால் நின்று தேவாரம் பாடுகிறவர் அவர்தான், ஆடி மாதம் கூழ் காய்ச்சும்போது கூட நிற்கிறவரும் அவர்தான், உங்கள் தங்கை கல்யாணத்துக்கு மேசை நாற்காலி ஏற்பாடு செய்தவரும் அவர்தான். "எழுத்தறிவித்தவன் இறைவன்" என்று அவருக்கு மாலை போட்டிருக்கிறோம். இந்த நெருக்கத்தில் புகார் வந்தால் கை தானாகவே பஞ்சாயத்துக்குப் போகிறது. "அவரையும் கூப்பிடு, பிள்ளையையும் கூப்பிடு, பெரியவர்கள் முன்னால் பேசித் தீர்த்துவிடலாம்." கடன் தகராறுக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு பிள்ளையைத் தான் பயப்படும் ஆளின் எதிரே உட்காரவைத்து "இப்போ சொல்லு" என்பது கொடுமையின் மேல் இன்னொரு கொடுமை.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு டிபார்ட்மென்ட் கணக்கில் வராது. அதனால் சட்டமும் வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும். சமயத் தலைவர் 110-ஆம் பிரிவுப் பட்டியலிலேயே இருக்கிறார். குழந்தைகளோடு பழகும் ஆளை வேலைக்கு வைப்பதற்கு முன் பி பகுதியில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் கடமை, பள்ளிகளோடு மன்றங்களுக்கும் சங்கங்களுக்கும் உண்டு. பாட்டு வாத்தியாராக இருந்தாலும் சரி, பரதம் சொல்லித் தரும் அக்காவாக இருந்தாலும் சரி, பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

மொழியும் ஒரு சிக்கல். இங்கே பிள்ளைகளுக்கு வாயில் வருவது ஆங்கிலம். ஆயாவுக்கு மனசில் ஓடுவது தமிழ். அந்தப் பிள்ளை தன் ஆயாவிடம் ஆங்கிலத்தில் சொன்னதை, ஆயா தனக்குத் தெரிந்த தமிழில் "தொந்தரவு பண்ணுகிறார்" என்று தாயிடம் சொன்னாள். தாய் அதைப் பள்ளியில் மறுபடி ஆங்கிலமாக்கினாள். மூன்று கை மாறியதில் "தொந்தரவு" என்பது வகுப்பில் சத்தம் போடுகிறார் என்ற அளவுக்குச் சுருங்கி வந்து சேர்ந்தது. தமிழில் உடம்பைப் பற்றிப் பேச நம்மிடம் சொல் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. மூன்று வயசிலிருந்தே உடம்பின் எல்லாப் பாகங்களுக்கும் சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்த பிள்ளையால், எங்கே என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியும். எந்த மொழியில் சொன்னதோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்வார்.

நான் இப்போது சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். மேசை டிராயரில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் பக்கத்துப் போலீஸ் நிலையத்தின் எண், சமூகப் பணியாளர் எண், பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைனின் 116. பின் அட்டைக்குள் ஃபார்ம் 22 இரண்டு பிரதி. போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் விரதம், பிள்ளைகள் பசியோடு உயிர்மெய் எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயசுப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து நின்றான். நோட்டைத் திருத்தத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினான். காதின் மேல்பக்கம் சிவந்து, ஓர் இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"என்ன நடந்துச்சு?" என்றேன்.

அவன் தன் பள்ளியில் நடந்ததைச் சொன்னான். நிறுத்தினான். நான் "அப்புறம்?" என்றேன். மீதியையும் சொன்னான். வேறெதுவும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளை உதவிக்கு இருந்த அக்காவிடம் விட்டுவிட்டு, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் பார்க்கவே எழுதினேன். சனிக்கிழமை, காலை 10.40, கோயில் மண்டபம். கீழே அவன் சொன்ன வார்த்தைகள், பாதி ஆங்கிலம், பாதி தமிழ். எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னான். "இழுத்தார்" இல்லை, "முறுக்கினார்" என்றான். அடித்துவிட்டு மாற்றி எழுதி, நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அப்புறம் அவனுடைய அம்மாவுக்கு போன் செய்தேன்.